கறுப்பு அம்பாசிடரில் குடியேறியவர்கள்

காற்றில் உப்பும் பேச்சில் புளியும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும் உப்பளவிளையில், எந்த வண்டியும் வாங்கிய வருஷமே கதவோரம் பொரிந்து துருப்பிடித்துப்போகும் அந்தக் கடற்கரை ஊரில், தவசிமுத்து சவாரிக்கு ஓட்டும் கறுப்பு அம்பாசிடர் மட்டும் மாப்பிள்ளை அழைப்புக்குப் புறப்பட்டது மாதிரி மினுங்கிக்கொண்டு திரிந்ததற்குக் காரணம், பைபாஸ் ரோட்டில் வாட்டர் சர்வீஸ் வைத்திருந்த சுயம்புக்கனி அதற்குப் போட்டுவிடும் மெழுகுதான் என்பது ஊரறிந்த விஷயம். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை என்பது அதைவிட நன்றாக ஊரறிந்த விஷயம்.

தவசிமுத்து அவளுக்கு அத்தை மகன். தொட்டிலிலேயே பேசி முடித்த சம்பந்தம். கனியின் அண்ணன் சொர்ணலிங்கத்தின் கல்யாணப் பந்தியில், தவசிமுத்துவின் அப்பா இலையில் உடைந்த அப்பளம் விழுந்தது. அப்பளம் என்றால் உடையத்தான் செய்யும். ஆனால் சம்பந்தியாகப் போகிறவரின் இலையில் உடைந்து விழுந்தால் அது அப்பளமாக இருப்பதை நிறுத்திவிட்டு அவமரியாதையாகிவிடுகிறது. அவர் சோற்றில் கை வைக்காமல் எழுந்தார், அவர் எழுந்ததால் பந்தியில் பாதி எழுந்தது, சம்பந்தமும் அந்த இடத்திலேயே எழுந்து போய்விட்டது. பெரியவர்கள் எல்லாம் காலமாகி, கோபத்தை மட்டும் சொத்து மாதிரி எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். கனியும் கட்டிக்கொள்ளவில்லை, தவசியும் கட்டிக்கொள்ளவில்லை. முதலில் வாய் திறப்பவர் வீட்டுக்குத்தான் தோல்வி என்பதால் இரண்டு பேரும் நாற்பதைத் தாண்டியும் வாய் திறக்கவில்லை.

ஆனாலும் வண்டிக்கு மெழுகு போட வேண்டுமே. பேச்சு முறிந்தவர்கள் காக்கையைப் பார்த்தோ கழுநீர்ப் பானையைப் பார்த்தோ சேதி சொல்லிக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். இவர்களுக்கு வண்டி வாய்த்தது.

“ஏ வண்டி, ஒன்னைய வெயில்ல போடாதண்ணு ஒங்க ஓனர்ட்ட சொல்லு. மெழுகு தாங்காது” என்பாள் கனி.

“ஏ வண்டி, போன தடவ டிக்கி மூலையில மெழுகு வெள்ளையா நிக்கி, தொடைக்க மறந்துட்டாவ போலன்னு சொல்லு” என்பார் தவசி, ஹெட்லைட்டைப் பார்த்து.

வண்டியும் இத்தனை வருஷம் இரண்டு பக்கத்துக் கோபத்தையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால், கனி வண்டியைக் கழுவி, ஈரம் ஒற்றி, கூரையிலிருந்து சக்கர வளைவு வரை மெழுகு தடவி முடித்து, துடைப்பதற்காகப் பனியன் துணியைக் கையில் எடுத்த நேரம், கோயில் கமிட்டிக்காரரும் எதிலும் தலையிடாவிட்டால் சோறு இறங்காதவருமான அண்ணன் சொர்ணலிங்கம் உள்ளே வந்தார். வாளி, பிரஷ், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தவர், அவள் கையிலிருந்த துணியையும் பிடுங்கி அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார்.

“அண்ணே, மெழுகு காயறதுக்குள்ள தொடைக்கணும். இல்லாட்டி கல்லாப் போவும்.”

“பூஜையில வச்ச சாமான மறுநாள் விடியாம தொடக்கூடாதுட்டி. சாமியவிட ஒனக்கு மெழுகு பெருசா?”

வேறு துணியில் துடைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கனிக்கு அந்தப் பழம்பனியன் தவிர வேறெந்தத் துணியும் கைக்கு வராது. தொழிலுக்குத் தொழில் ஒரு கிறுக்கு இருக்கிறது. ஆகவே மெழுகு துடைபடாமல் நின்றது. சாம்பிராணிப் புகை அதன்மேல் படிந்தது, கற்பூர வெளிச்சம் படிந்தது, பூசணிக்காய் உடைபட்ட சத்தம்கூடப் படிந்திருக்கும். மறுநாள் விடிந்ததும், உளி வைத்துத்தான் செதுக்க வேண்டும் என்று திட்டிக்கொண்டே இடது பின்கதவில் துணியை வைத்தாள். பால் ஏடு விலகுவது போல மெழுகு விலகியது. உள்ளே அவள் முகம் தெரிந்தது, நெற்றி வியர்வை முதல் காதோர நரை வரைக்கும் தெரிந்தது. அவள் அடுத்த கதவுக்கு நகர்ந்தாள், முகம் நகரவில்லை.

முந்தானையை இடுப்பில் செருகிய ஒரு சுயம்புக்கனி பின்கதவிலேயே நின்றுகொண்டு, சோம்பல் முறித்து, கொட்டாவி விட்டாள். கனி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, நல்ல மெழுகு என்றால் இப்படித்தான் நிற்கவேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மிச்ச வண்டியையும் துடைத்து முடித்தாள்.

வண்டி எடுக்க வந்த தவசிமுத்து டிரைவர் கதவில் மீசையைப் பார்த்துச் சரிசெய்தார். அவரும் அங்கே தங்கிவிட்டார். எதிர் டீக்கடை ரெஜினா அக்கா தட்டு நிறைய டீ கிளாஸோடு வேடிக்கை பார்க்க வந்தாள். பானட்டில் தட்டோடு தங்கிவிட்டாள், அந்தத் தட்டில் டீ ஆறவே இல்லை. ஆளுக்கு ஒரு பிம்பம்தான். தங்கியவர் மறுபடி வந்து எதிரில் நின்றால் அவர் முகம் திரும்பத் தெரியாது, ஏற்கெனவே குடியேறிய ஆள்தான் உள்ளிருந்து எட்டிப் பார்த்து, என்னவே என்பது போலத் தலையசைப்பார். இவர்களுக்குப் பெயிண்டு ஆட்கள் என்று ஊர் பெயர் வைத்தது, பெயர் வைத்துவிட்டதால் ஆச்சரியமும் தீர்ந்தது.

அடுத்த வாரமே உப்பளவிளை பரபரவென்று தலை சீவத் தொடங்கிவிட்டது. எப்படித் தங்கப்போகிறோமோ அப்படியேதான் இருக்கப்போகிறோம் என்பதால், உப்பளத்துப் பெண்கள் உப்பு வாரும் பலகையையும் வாளியையும் தூரப் போட்டுவிட்டு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து மட்கார்டில் குடியேறினார்கள். வழுக்கைத் தலையர் ஒருவர் மகனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தார். அப்படி இப்படி மேய்ந்த ஒரு வெள்ளாடும் யாருக்கும் சொல்லாமல் உள்ளே போய்விட்டது. பூக்காரி பிம்பத்தின் கூடையில் அது வாய் வைக்காத நாளில்லை. மற்ற கார்க்காரர்கள் கடைகளில் இருந்த மெழுகு டப்பா எல்லாவற்றையும் வாங்கி, வேன், ஸ்கூட்டர், பீரோ, ஒருவன் தன் எருமையைக்கூட விடாமல் தேய்த்துப் பார்த்தார்கள். பளபளப்பு வந்தது. ஆள் யாரும் தங்கவில்லை. எருமை மட்டும் சில நாள் பெருமையாக நடந்தது.

ஆட்கள் கூடக்கூட வண்டிக்குப் பாரமும் கூடியது. ஸ்பிரிங் பட்டை இறங்கி டயர் மட்கார்டில் உரச, செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் கைகாட்டினார்.

“ஓவர்லோடு. உள்ள இருக்கவங்கள எறக்கும்.”

“உள்ள நான் ஒருத்தன்தான் ஐயா.”

“பெறவு ஏன் வண்டி இப்படி உக்காந்திருக்கு?”

“வெளிய ஊரே இருக்குல்லா?” என்றார் தவசி.

போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். குனிந்ததுதான் தப்பு. அன்றிலிருந்து பானட்டில் காக்கிச்சட்டையோடு ஒருவர் நின்று, ஆட்டை இந்தப் பக்கமும் பூக்காரியை அந்தப் பக்கமுமாக ஒழுங்குபடுத்தத் தொடங்கினார்.

இதெல்லாம் ஊருக்குச் சிரிப்பு. கனி மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்றால் டிரைவர் கதவிலிருந்த பெயிண்டுத் தவசி நடக்கத் தொடங்கியிருந்தார். கண்ணாடியில் மெழுகு கிடையாது, அதனால் குறுக்கே வர வழியில்லை. வலது பின்கதவைத் தாண்டி, டிக்கியைச் சுற்றி, பக்கத்துக்குப் பக்கம் நின்று நின்று வந்தார். ஸ்டாண்டில் வண்டி நிற்கும்போதெல்லாம் கூட்டம் கூடியது. “டிக்கி கைப்பிடிட்ட நிக்காருடே” என்று ஒருவர் சொல்ல, “நம்பர் பிளேட்ல சாய்ஞ்சு யோசிக்காரு” என்று இன்னொருவர் சொல்ல, “போறாரு, போறாரு, அந்தா திரும்பிட்டாரு” என்று ரெஜினா அக்கா தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள். நிஜத் தவசிமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, இதெல்லாம் வேறு யாருடைய வண்டியிலோ நடப்பது போல எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது மட்டும் சிவந்திருந்தது.

ஒரு மதியம் பெயிண்டுத் தவசி இடது பின்கதவுக்கு வந்து சேர்ந்தார். வந்தவர், தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஊர் எட்டி எட்டிப் பார்த்தது. பெயிண்டுக் கனி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவள்தான், ஆமாம், அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

ஒரே ஒரு வார்த்தை. உதடு அசைந்தது எல்லோருக்கும் தெரிந்தது. பெயிண்டு ஆட்களின் சத்தம் வெளியே வருவதில்லை என்பதால் என்ன சொன்னாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பெயிண்டுத் தவசியின் முகம் பூத்தது. அதற்குப் பிறகு அவர்கள் பேச்சை நிறுத்தவேயில்லை. ரெஜினா அக்காவின் தட்டிலிருந்து ஆறாத டீயை எடுத்துக் குடித்துக்கொண்டு, கதவின் கீழ் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இருபது வருஷப் பேச்சைப் பேசினார்கள்.

கனிக்கு மானம் போயிற்று. “சவம், முந்திப் பேசிட்டாளே!” என்று வாளியை எட்டி உதைத்தாள். அண்ணன் சொர்ணலிங்கம் வந்து, “நம்ம குடும்பம் தோத்துப்போச்சே” என்று தலையில் கை வைத்தார். ஆனால் மானம் போனதைவிட அவளை அரித்தது வேறொன்று. அவளுக்கு அந்த வார்த்தை தெரியவேண்டும். இருபது வருஷமாக எத்தனையோ வார்த்தைகளை யோசித்து யோசித்து வாய்க்குள்ளேயே வைத்து நமுத்துப்போகவிட்டவள் அவள். எந்த வார்த்தையைச் சொன்னால் அந்த மனுஷன் முகம் அப்படிப் பூக்கும் என்பது, தன் முகத்தையே வைத்திருக்கிற ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் கனி பெயிண்டுக் கனியின் மேல் பொறாமைப்பட்டாள். கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, “ஏட்டி, என்ன சொன்ன? சொல்லித் தொலையேன்” என்று கெஞ்சுவாள். உள்ளே இருப்பவள் டீ கிளாஸை உயர்த்திக் காட்டிச் சிரிப்பாள். இந்த லட்சணத்தில் வண்டியைப் பார்த்து அவரிடம் சேதி சொல்லவும் முடியாமல் போயிற்று. அதற்குள் இப்போது ஊரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

கார்த்திகை பிறந்து மழை வந்தது. எந்த மெழுகுக்கும் ஆயுசு உண்டு. தண்ணீர் விழுந்தால் முத்து முத்தாக நின்றால் மெழுகு உயிரோடு இருக்கிறது, பாய் விரித்தாற்போலப் பரவினால் மெழுகு செத்துவிட்டது. இது கனிக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். வெயிலை நேராக வாங்கிய கூரைதான் முதலில் போயிற்று. மழை அங்கே பாயாக விரிந்தது, கூரையில் இருந்தவர்கள் பெட்டி படுக்கை இல்லாத குறையாகப் பானட்டுக்கு இறங்கினார்கள். பானட்டும் எஞ்சின் சூட்டில் வெளுத்தது. போலீஸ்காரர் கைகாட்டிக் கைகாட்டி, பட்டுச்சேலைக்காரிகளையும் தொப்பிக்காரரையும் ஆட்டையும் கதவுகளுக்குத் திருப்பிவிட்டார். கனி ஒரு மூலையில் புது மெழுகு தடவிப் பார்த்தாள். அதற்கடியில் இருந்தவர்கள் மூச்சு முட்டி இருமவே, பயந்து துடைத்துவிட்டாள்.

கடைசியில் எல்லோரும் மழைச்சாரல் படாத இடது பக்கத்தில் வந்து ஒண்டிக்கொண்டார்கள். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. உப்பு அம்பாரத்தை மூடுகிற தார்ப்பாயைக் கொண்டுவந்து போர்த்தினார்கள். இருட்டில் பெயிண்டு ஆட்கள் வாடிப்போனார்கள், உடனே எடுத்துவிட்டார்கள். குடை பிடித்தார்கள். தவசிமுத்து சவாரியை நிறுத்திவிட்டு வண்டியை வாட்டர் சர்வீஸ் கொட்டகைக்குள்ளேயே விட்டார். ஆனாலும் உப்புக்காற்றுக்குக் கதவு ஏது, கொட்டகை ஏது? அது சும்மா வந்து வந்து நக்கிவிட்டுப் போயிற்று.

அப்போதுதான் சொர்ணலிங்கம் எழுந்து பேசினார். “வயசுப் பிள்ளைகளா என்ன? ஊரறிய ஒரே கதவுல குடியிருக்காவ. நம்ம வீட்டுப் பிள்ள பேரு கெடப்பிடாது. மெழுகு போறதுக்குள்ள ரெண்டு பேத்துக்கும் தாலி கட்டி வச்சிரணும்.”

“யாருக்கு அண்ணே?” என்றாள் கனி, கொஞ்சம் அவசரமாக.

“பெயிண்டுல இருக்கவியளுக்குத்தான். ஒனக்கு என்ன வந்துது?”

எனக்கு என்ன வந்தது என்று கனி துணியை முறுக்கிப் பிழிந்தாள். துணி காய்ந்துதான் இருந்தது.

கொட்டகைக்கு வாழைமரம் கட்டினார்கள். மேளக்காரர்கள் வந்தார்கள். நனைந்த தரையில் கோலம் நிற்காது என்று உப்பாலேயே கோலம் போட்டார்கள், அதுவும் நிற்கவில்லை. இந்தக் கல்யாணத்தில் பந்தி முழுக்கச் சொர்ணலிங்கம் தானே மேற்பார்வை பார்த்தார், யார் இலையிலும் உடைந்தது எதுவும் விழாதபடி. தாலியைப் பெயிண்டுக்குள் அனுப்புவது எப்படி என்று வந்த கேள்விக்குப் பூசாரி விடை வைத்திருந்தார். பெயிண்டில் இதுவரை தங்காத புதுச் சாமானைக் கதவெதிரில் பிடித்தால் அது உள்ளே போய்விடும், மாலைகள் இரண்டும் அப்படித்தான் போயின, ஒன்றை ஆடு தின்றும்விட்டது. ஆகவே தாலியையும் யாராவது பிடிக்கவேண்டும், மாப்பிள்ளையின் நிஜ ஆள் பிடிப்பதுதான் முறை.

தவசிமுத்து வெள்ளை வேட்டியில் வந்து கதவெதிரில் நின்றார். மஞ்சள் கயிற்றைக் கையில் வாங்கினார். வெளியே மழை வலுத்தது. ஊர் முழுக்க உள்ளே முண்டியதில் அவருக்கு இடம் போதாமல், தோளில் பாதி கொட்டகைக்கு வெளியே நின்று நனைந்தது. கனி அவருக்கு ஒரு முழம் தள்ளி, கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கைய ஒசத்தினதும் கெட்டிமேளம்” என்று சொர்ணலிங்கம் மேளக்காரரிடம் சொல்லிவைத்தார்.

அந்த நேரம் காற்று திரும்பியது. அதுவரை பின்னாலிருந்து அடித்த மழை இடது பக்கத்துக்கு மாறி, ஒரே வீச்சாகக் கதவில் அறைந்தது. கனி பார்த்தாள். முன்கதவில் துளிகள் முத்தாக நிற்கப் பார்த்தன, தடுமாறின, ஒன்றோடொன்று கைகோத்துப் பாயாக விரிந்தன. தொப்பிக்காரர் போனார். பட்டுச்சேலைகள் போயின. ரெஜினா அக்காவின் பிம்பம் தட்டைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டே கரைந்தது. போலீஸ்காரர் கடைசியாக ஒரு சல்யூட் வைத்தார். ஊர் “ஐயோ ஐயோ” என்று தன்னைத்தானே வழியனுப்பி வைத்தது. பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் முத்துக்கள் நின்றன. அதற்குள் மாலை இல்லாத மாப்பிள்ளையும் மாலையோடு பெண்ணும் தோளோடு தோளாக நெருங்கி நின்றார்கள்.

“சொல்லிட்டுப் போட்டி!” என்று கனி கத்தினாள். வெட்கம், மானம், குடும்பம் எல்லாம் அந்தக் கத்தலில் எங்கேயோ போய் விழுந்தது. “என்ன சொன்னேன்னு சொல்லிட்டுப் போ!”

பெயிண்டுக் கனி திரும்பினாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. நிஜக் கனியின் கண்ணைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுப்பது போல, உதட்டை மெதுவாக அசைத்தாள்.

கனிக்குப் புரியவில்லை. முகத்தைக் கதவோடு ஒட்டவைத்துக்கொண்டு, அந்த உதடு போன வழியே தன் உதட்டையும் கொண்டுபோனாள். வாய் லேசாகத் திறந்தது. நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டியது. விலகியது. மறுபடி வாய் விரிந்தது. சத்தமில்லாமல் ஒரு தரம் செய்து பார்த்தாள். பிடிபடவில்லை. கொஞ்சம் மூச்சுக் கொடுத்துச் செய்து பார்த்தாள்.

“அத்தான்.”

கதவில் கடைசி முத்தும் விரிந்து ஓடியது. அங்கே இப்போது ஒன்றுமில்லை, மழையில் நனைந்த வெறும் கறுப்புப் பெயிண்டு, உப்பு கடித்த ஒரு சின்னப் பொரிப்பு.

“என்ன கனி?” என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

அவள் திரும்பவில்லை. இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு சாதாரணமாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. காது முதல் கால் வரை சிரிப்பு ஏறி வந்தது, கூடவே அழுகையும் வந்தது, எது முந்தி வெளியே வரும் என்று அவளுக்கே தெரியவில்லை.

“ஒண்ணுமில்ல” என்றாள், கதவைப் பார்த்தபடி. “சும்மாதான்.”

“வண்டியப் பாத்துச் சொன்னியா, என்னப் பாத்துச் சொன்னியா?”

கனி திரும்பினாள். அவர் தலையிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. தாலிக்கயிறு விரலில் அப்படியே தொங்கியது. மீசை நரைத்திருந்தது, இவ்வளவு கிட்டத்தில் அதை அவள் இன்றுதான் பார்க்கிறாள்.

“ஒங்களப் பாத்துத்தான்.”

“அப்பம் இன்னொருக்கா கூப்பிடு” என்றார் தவசிமுத்து. “காதுல சரியா விழலட்டி.”

பொய். கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் நன்றாகக் கேட்டிருந்தது, வெளியே மழையில் நின்ற நிஜ ஆட்டுக்குக்கூடக் கேட்டிருக்கும். ஆனாலும் கனி மறுபடி கூப்பிட்டாள், இந்தத் தடவை ஊர் அதிரக் கூப்பிட்டாள். யார் கல்யாணம், எந்தக் கதவு என்று ஒன்றும் புரியாமல் அவ்வளவு நேரம் விழித்துக்கொண்டு நின்ற மேளக்காரர், தவசிமுத்துவின் கை உயர்வதைப் பார்த்ததும், சரி இதுதான் போல என்று கெட்டிமேளத்தை வாசித்துவிட்டார்.